நான்கு வாத்துகளின் கதைக்கு ஆட்கள் தேவை

'கதை விளையாட்டுக்கு ஆட்கள் தேவை. மொத்தம் நான்கு பேர். ஞாயிறு மதியம் மூன்று மணி. எழுத்தில் மட்டும், குரல் வேண்டாம். வருகிறவர் எதையாவது தொலைத்திருக்க வேண்டும். பொருளை அல்ல, ஞாபகத்தை. விதி ஒன்று: ஒருவர் சொன்னதை இன்னொருவர் இல்லையென்று சொல்லக் கூடாது. விதி இரண்டு: கேட்கிறவர் ம் கொட்ட வேண்டும். விதி மூன்று: சொந்தக் கதை கூடாது, எல்லாம் வாத்துகளின் கதைதான். விதி நான்கு: முடிவை நான்காவதாகச் சேர்ந்த ஆள்தான் சொல்ல வேண்டும்.'

இந்த விளம்பரத்தை ஐந்தாறு இணையக் குழுக்களில் போட்டேன். ஏன் வாத்து என்று கேட்காதீர்கள், அப்போது எனக்கே தெரியாது. முப்பத்தொரு பதில் வந்தது. ஒருவன் என் போட்டோ கேட்டான். ஒருவர், கல்லூரியில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது, அது சேருமா என்றார். நாமக்கல்லிலிருந்து ஒரு பெரியவர், வாத்து ஜோடியாகக் கிடைக்குமா, நாட்டு ரகமா என்று விசாரித்தார். அவருக்கு மட்டும் மரியாதையாகப் பதில் எழுதினேன். தள்ளியது போக மிஞ்சியவர்கள் மூன்று பேர்.

என் பெயர் மாதேஸ்வரி. ஊர் ஓசூர். வயது முப்பத்து மூன்று. அதில் ஒன்றேகால் வருஷம் என்னிடம் இல்லை, கம்பெனி வைத்துக்கொண்டது.

கம்பெனியின் பெயரைச் சொன்னால் வழக்குப் போடுவார்கள். அதனால் கம்பெனி என்றே இருக்கட்டும். நான்கு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். காலை எட்டு மணிக்கு அட்டையைத் தேய்த்து உள்ளே போனது ஞாபகம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அட்டையைத் தேய்த்து வெளியே வந்ததும் ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை, அந்த மணிகளைக் கூட்டினால் ஒன்றேகால் வருஷம். வேலையை விட்டுப் போகிறவர்களிடம் ஒரு படிவம் நீட்டுவார்கள்: ஐடி கார்டு, பூட்ஸ், சீருடை, நினைவு. நான்கையும் ஒப்படைத்ததாக நான்கு கையெழுத்து. தொழில் ரகசியம் வெளியே போய்விடக் கூடாதாம். சட்டத்தில் அதற்குப் 'பணிநினைவு ஒப்படைப்பு' என்று பெயர். எங்கள் பக்கத்தில் துடைப்பு என்போம். நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் வலைத் தொப்பி மாட்டி, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். எழுந்ததும் குடிக்க ஜூஸ் தருவார்கள்.

லட்சக்கணக்கானவர்கள் அப்படி ஒப்படைத்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். நானும் இருந்திருப்பேன், கௌரம்மா வீட்டுக்கு வந்திருந்தால்.

கௌரம்மா என் தங்கை. இருபத்து மூன்று வயது. அதே கம்பெனியில் வேலை, கம்பெனி விடுதியில் ஜாகை. ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வருவாள். தலைக்குக் குளிப்பாள். களியும் கோழிக் குழம்பும் சாப்பிடுவாள். போகும்போது என் சந்தன சோப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவாள். வாரம் தவறாமல் திட்டுவேன், வாரம் தவறாமல் எடுப்பாள். பங்குனியில் ஒரு வியாழக்கிழமை எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். துடைத்த தலையோடு வீட்டுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை களி கிண்டி வைத்துக் காத்திருந்தேன். அவள் வரவில்லை. போன் அணைந்திருந்தது.

காவல் நிலையத்தில் இருந்தவர் பொறுமையானவர்தான். "உங்க தங்கச்சி செவ்வாக்கெழமையே வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு கம்பெனி எழுதிக் குடுத்திருக்கும்மா. நீங்களும் அங்கதான இருந்தீங்க? என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கும் சார். தொடச்சிட்டாங்க."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை நான் உள்ளேதான் இருந்தேன், அவசர வேலை என்று வியாழன்வரை எங்களை வெளியே விடவில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். என்ன நடந்ததோ அதைப் பார்த்திருக்கிறேன். சாட்சி என் தலைக்குள்ளேயே இருந்தது, அதை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஜூஸ் குடித்திருக்கிறேன். துடைக்கப்பட்டவர்கள் கூடி உட்கார்ந்து பழையதை மீட்கப் பார்த்தால் மூன்று வருஷம் ஜெயில். பார்க்கலாம் என்றாலும் யாரைத் தேடுவது? உடன் வேலை செய்தவர்களின் முகமே தெரியாது. ஆனால் கதை சொல்லத் தடையில்லை. பதினோரு மாதம் அலைந்துவிட்டு, செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் போன ஒரு நாளில் அந்த விளம்பரத்தை எழுதினேன். யோசிக்கவே இல்லை. விதிகள் வரிசையாக வந்து விழுந்தன.

வந்த மூவரில் ஒருத்தி ஷமீம், வாணியம்பாடிக்காரி, என்னைவிடச் சின்னவள். அடுத்தவர் லூர்துமேரி, திண்டுக்கல், ஐம்பதை நெருங்குகிறவர். கடைசியாகச் சேர்ந்த ஆளின் பெயர் 'ஒன்பதாம் அறை'. புனைபெயர் வைப்பதில் ஆளுக்கொரு கிறுக்கு என்று விட்டுவிட்டேன். விளையாட்டை யார் வேண்டுமானாலும் வேடிக்கை பார்க்கலாம் என்று திறந்து வைத்தேன். முதல் ஞாயிறு நாற்பது பேர் வந்தார்கள்.

நான் தொடங்கினேன்: 'ஒரு ஊரில் நான்கு வாத்துகள். நான்கும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வேலை பார்த்தன.'

ஷமீம்: 'ம். நான்குக்கும் வெள்ளைக் கையுறை. இறக்கைக்குப் பத்தவே பத்தாது.'

லூர்துமேரி: 'ம். பெட்டிக்கு வெளியே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு எருமை. எண்ணிக்கை குறைந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும். அது துடைத்தால் வாத்துகளுக்குக் குலை நடுங்கும்.'

ஒன்பதாம் அறை: 'ம்.'

அவ்வளவுதான். வேறு ஒரு சொல் கிடையாது. அன்று மட்டுமல்ல, அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் வெறும் ம். முடிவைச் சொல்ல வேண்டிய ஆள் இப்படி இருந்தால் கதை எப்படி முடியும்? ஒவ்வொரு ஞாயிறும் அந்தரத்தில் நின்றது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் மற்ற இருவரோடு விளையாடுவது ஆற்றில் இறங்கிய மாதிரி இருந்தது, இழுத்துக்கொண்டு போனது. ஒருவர் வரி அடுத்தவர் வரியைக் கூட்டிக்கொண்டு வரும். நாங்கள் யாரும் யோசித்து எழுதவில்லை.

நான்காவது ஞாயிறு ஷமீம் எழுதினாள்: 'ம். நான்கில் சின்ன வாத்து ஒரு திருடி. லீவு நாளில் பெரிய வாத்து வீட்டுக்குப் போய்ச் சந்தன சோப்பை அடித்துக்கொண்டு வந்துவிடும். வந்து எங்களிடம் காட்டிச் சிரிக்கும்.'

கை அப்படியே நின்றுவிட்டது. சோப்பு விஷயம் எனக்கும் கௌரம்மாவுக்கும் மட்டும் தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கே தெரியாது, மாதத்துக்கு நாலு சோப்பு எப்படித் தீர்கிறது என்று என்னிடம்தான் சண்டை போடுவார்.

ஷமீமுக்குத் தனியாக என் எண்ணை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டாள்.

"அந்த சோப்பு உனக்கு எப்டிம்மா தெரியும்?"

"தெர்லக்கா. சும்மா வந்துச்சு, எழுதினேன். இன்னாக்கா, ஏன் அழுவுறீங்க?" என்றவள், சற்றுத் தயங்கி, "நானும் ஒண்ணு காட்டணும். பயந்துக்கினு காட்டாம இருந்தேன்" என்றாள்.

அவள் அனுப்பிய படத்தில் அவளுடைய போனின் குறிப்புப் பக்கம் இருந்தது. 'கதை விளையாட்டுக்கு ஆட்கள் தேவை. மொத்தம் நான்கு பேர்.' அதே ஞாயிறு, அதே மூன்று மணி, அதே நான்கு விதிகள், அதே வாத்துகள். என் விளம்பரத்துக்கு நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி.

"போடலாமா வேணாமான்னு வெச்சிருந்தேன்க்கா. அப்புறம் பாத்தா நீங்க போட்டிருக்கீங்க. என் மண்டையில இருந்தத யாரு எடுத்துக்கினாங்கன்னு ரெண்டு நாள் தூக்கமே இல்ல."

லூர்துமேரியையும் அழைப்பில் சேர்த்தோம். விசாரித்தால் மூவருக்கும் அதே கம்பெனி, துடைத்ததும் அதே வியாழன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நான் இப்ப ஒரு தொடைப்பு மையத்துல வரவேற்புல உக்காந்திருக்கேன். தெனமும் பாக்குறேன்ல. அந்த மெசினு நடந்தத மட்டுந்தேன் தேடும். நடந்ததுக்குத் தேதி, எடம், வெளிச்சம், வாசம்னு எல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கும், அதப் பிடிச்சுத்தேன் உரிக்கும். நாமளாக் கட்டிவிட்ட கதைக்கு அதெல்லாம் ஏது? அது எங்கிட்டுக் கெடக்குன்னு மெசினுக்குத் தெரியாது. போன மாசம் ஒருத்தருக்குப் பன்னெண்டு வருசத்தத் தொடச்சாக. எந்திரிச்சு உக்காந்ததும் ஒரு நரிக் கதையத் தப்பில்லாமச் சொல்றாரு. யாருக்குச் சொன்னோம், எப்பச் சொன்னோம்னு மட்டும் தெரியல."

"அப்ப நாம..." என்று இழுத்தேன்.

"ஒண்ணா நின்னவகதேன். வேல பத்திப் பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டிருப்பாக. நாம பொழுது போக வாத்துக் கத கட்டிருப்போம். அந்தச் செவ்வாக்கெழம என்னமோ நடந்திருக்கு. வியாழக்கெழம தொடைக்கப் போறாகன்னு தெரிஞ்சிருக்கு. நடுவுல ஒரு நாள் இருந்துச்சுல்ல மாதேசு? அந்த ஒரு நாளுல, பாத்ததையெல்லாம் வாத்தாக்கி உள்ள ஒளிச்சு வச்சிருக்கோம். வெளிய போய் ஒருத்தர ஒருத்தர் தேடுறதுக்கு விதியும் எழுதி வச்சிருக்கோம்."

நான் போனைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷமாக என்னை நானே காறித் துப்பிக்கொண்டிருந்தேன், கேட்டவுடன் தூக்கிக் கொடுத்த மடச்சி என்று. நான் கொடுக்கவில்லை. படிவத்தில் இருந்த நான்கையும் ஒப்படைத்துவிட்டு, படிவத்தில் இல்லாத ஒன்றை அவர்கள் கண்ணெதிரிலேயே கொண்டுவந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு என்னையே பிடித்திருந்தது.

மூவரும் போனில் பேசிக் கதையை முடித்துவிடப் பார்த்தோம். வரவில்லை. மூன்று மணிக்கு உட்கார்ந்து, வரி வரியாக, ம் கொட்டினால்தான் வந்தது. கட்டியவர்கள் அப்படிப் பூட்டுப் போட்டிருந்தோம் போலிருக்கிறது. ஐந்தாவது ஞாயிறு, வேடிக்கை பார்க்க இரண்டாயிரம் பேர் இருந்தார்கள். அன்றைய கதை இப்படி நின்றது: செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை குறைந்தது. எருமை கண்ணாடியைத் துடைத்தது. மீதியை முடிக்கச் சின்ன வாத்தைத் தனியாக உள்பெட்டிக்கு அனுப்பியது. நாங்கள் மூவரும் நிறுத்திவிட்டு நான்காவது ஆளுக்காகக் காத்திருந்தோம்.

ஒன்பதாம் அறை: 'ம்.'

எனக்குப் பொறுக்கவில்லை. 'வாய் இருந்தால் பேசு, இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய். இது உனக்குப் பொழுதுபோக்கு, எனக்கு அப்படி இல்லை' என்று எழுதினேன். ஆளை நீக்கும் பொத்தானில் விரலை வைத்தேன். லூர்துமேரி குறுக்கே எழுதினார்: 'நாலு பேரு வேணும்னு நீதான எழுதின? விடு.' விட்டேன். விட்டதற்கு அந்த மனுஷிக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

புதன்கிழமை காலை கம்பெனியின் சட்ட அதிகாரி கூப்பிட்டார். ஆதிகேசவன் என்று பெயர் சொன்னார். குரலில் நெய் ஒழுகியது.

"மேடம், நீங்க ஆன்லைன்ல விளையாடுற கதை எங்க நிறுவன ரகசியத்த மீறுது. நிறுத்திட்டா உங்களுக்கு நல்லது."

"எந்தக் கதைங்க சார்? வாத்துக் கதையா?"

"அதேதான்."

"உங்க நிறுவனத்துல வாத்து வேல பாக்குதுங்களா?"

"மேடம், கேலி வேண்டாம். அந்த எருமைன்னு நீங்க யாரச் சொல்றீங்கன்னு எங்களுக்குத் தெரியும்."

"யாரச் சொல்றேன் சார்? சொன்னீங்கன்னா எழுதி வெச்சுக்குறேன்."

நெய் உறைந்துபோனது. "இதப் பாருங்க, யாரும் கதவ வெளியிலேர்ந்து பூட்டல. அது பொக வந்தா தானாப் பூட்டிக்கிற கதவு. டிசைனே அப்படி. அதுக்கு எந்த ஆபீசரும் பொறுப்பில்ல. அத வெச்சு நீங்க கதை கட்டினா..."

அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். முடித்தார்.

"சார், எங்க கதையில இன்னும் கதவே வரலைங்க. பொகையும் வரல. அடுத்த ஞாயித்துக்கெழமதான் வரும்."

அந்தப் பக்கம் அவசரமாகக் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"கதைய நிறுத்தணும்னா நீங்க கோர்ட்டுக்குப் போய், இதெல்லாம் நெசமா நடந்துச்சு, அதனால சொல்லக் கூடாதுன்னு சொல்லணும் சார். போய்ச் சொல்லுங்க. நானே கூட வரேன். இந்தப் போன் பேசறதையெல்லாம் பதிவு பண்ணிக்கும், பழைய மாடல்."

அவர் வைத்துவிட்டார். பயந்துதான் போயிருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். புகை, கதவு, உள்ளே கௌரம்மா. எங்கள் வீட்டில் எல்லோரையும்விட அவளுக்குத்தான் சளி பிடிக்கும்.

ஆறாவது ஞாயிறு நாங்கள் நிறுத்தாமல் எழுதினோம். உள்பெட்டியில் நீலப் புகை. அழுகின பலாப்பழ வாசனை. கதவு பூட்டிக்கொண்டது. பெரிய வாத்து நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தது, கண்ணாடி உடையவில்லை. எருமை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. பதினேழு நிமிஷம். பிறகு சின்ன வாத்தைத் தார்ப்பாயில் சுற்றிப் பால் வண்டியில் ஏற்றினார்கள். 'இது பார்த்ததையெல்லாம் முழுசாகத் துடைத்துவிடுங்கள், பெயர் உட்பட' என்று எருமை யாரிடமோ போனில் சொன்னது. வண்டி வாசலைத் தாண்டியது.

அதற்கு மேல் மூவருக்கும் ஒன்றும் வரவில்லை. வாசல்வரைதான் எங்களுக்குத் தெரிந்திருக்கிறது. வண்டிக்குள் அவள் உயிரோடு இருந்தாளா என்பது கதையில் இல்லை. ஆறாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் அறை: 'ம்.'

பிறகு இரண்டு நிமிஷம் கழித்து, முதல் முறையாக, ம் தவிர வேறு சொற்கள் வந்தன.

ஒன்பதாம் அறை: 'வண்டியில் சின்ன வாத்து இருமியது. இப்போதும் இருமுகிறது. மலைமேல் ஒரு வீட்டில் இருக்கிறது. ஜன்னலில் ஏழு மரம் தெரியும். இங்கே அதற்கு ஜெயந்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கூப்பிட்டால் திரும்புவதற்கு நேரமாகிறது. வார்த்தை விளையாட்டு விளையாடினால் நல்லது என்று ஒரு டேப்லட் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. இந்தக் கதை மட்டும் முதல் வரியிலிருந்தே தெரிந்திருந்தது. எப்படி என்று பயமாக இருந்தது, அதனால் ம் மட்டும் சொன்னது.'

நான் டைப் செய்யப் பார்த்தேன், எழுத்துகள் தெரியவில்லை. ஷமீம்தான் கேட்டாள்: 'ம். சின்ன வாத்து சாப்பிடுகிற தட்டில் பேர் வெட்டியிருக்கிறதா?'

ஒன்பதாம் அறை: 'இருக்கிறது. அமரர் கி. பொன்னுரங்கம் நினைவாக, மலர்க்குன்று இல்லம், ஏற்காடு.'

கம்பெனி காகிதங்களை அழித்தது, கேமராப் பதிவை அழித்தது, ஒரு பெண்ணின் பெயரையே அழித்தது. சாப்பாட்டுத் தட்டைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பெயர் வெட்டாத எவர்சில்வர் பாத்திரம் நம் ஊரில் எங்கே இருக்கிறது?

ஒன்பதாம் அறை இன்னொரு வரி எழுதியது: 'பெரிய வாத்து வந்தால் ஒரு சோப்பு கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே கொடுக்கிறது நாறுகிறது.'

மறுநாள் காலை சேலம் பேருந்து நிலையத்தில் மற்ற இருவரையும் பார்த்தேன். நான்கு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள், ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் ஆவின் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தோம். நரைத்த கொண்டையோடு ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ம்?" என்றார். "ம்" என்றேன். கட்டிக்கொண்டார். பின்னால் ஷமீம் புர்கா முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மலர்க்குன்று இல்லத்தின் மேலாளர் கேட்டைத் திறக்கவில்லை. "கௌரம்மான்னு இங்க யாரும் இல்ல. ஒம்பதாம் ரூம்ல இருக்கறது ஜெயந்தி. சொந்தக்காரங்க யாரும் இல்லாத கேஸு."

"எங்களுக்கு ஜெயந்தியப் பாத்தாப் போதும்" என்றேன்.

"அதுக்கு அனுமதிக் கடிதம் வேணும்."

லூர்துமேரி போனைத் தூக்கிப் பிடித்தார். "தம்பி, இதுல எட்டாயிரம் பேரு கதையோட முடிவக் கேக்க உக்காந்திருக்காக. உள்ள விடுறியா, இல்ல இங்கனயே உக்காந்து, இந்தக் கேட்டு, ஒன் பேரு எல்லாத்தையும் கதையில சேக்கவா? நீ என்ன மிருகமா வாரேன்னு நீயே சொல்லிரு."

அவர் சாவியை எடுத்தார்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள், கடையில் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்க்கிற மாதிரி. அந்தப் பார்வையை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன், இருந்தும் தாங்க முடியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வரை வந்தது. விழுங்கினேன். பையிலிருந்து சந்தன சோப்பை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் அதை முகர்ந்து பார்த்தாள். பிறகு சட்டென்று, யாரோ பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல், தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தாள்.

"நீங்க யாரு?"

"நான்தான் பெரிய வாத்து."

என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு அக்கா திரும்பக் கிடைக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். மறுபடியும் முதலிலிருந்து பழக வேண்டியதுதான், பழகலாம். போனில் அந்த ஆதிகேசவனின் குரல் பத்திரமாக இருந்தது. கீழே சேலத்தில் ஒரு வக்கீலிடம் ஆட்கொணர்வு மனு எழுதச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அவள் ஒரு முறை இருமினாள். காலை மடித்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

"ம்" என்றாள். "அப்புறம்?"

"நாலாவது ஆள்தான முடிவு சொல்லணும்?"

"முடிவெல்லாம் வேணாம். அப்புறம் என்னாச்சு?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டேன்.

"அப்புறமா? இனிமேத்தான் இருக்கு அந்த எருமைக்கு."